ஒப்புரவும் காணிக்கையும்

எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்கு அருகே ஒரு சிறு கலயம் இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம், சமைப்பதற்கென அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி அம்மா அதில் இடுவார். கோவிலுக்கான கைப்பிடி அரிசி அது. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிடி பானையின் மிச்சத்திலிருந்து எடுக்கப்படுவதன்று. அன்றைய சோற்றிலிருந்து எடுக்கப்படுவது. அரிசி குறைந்த நாள்களிலும் பிடி குறைந்ததில்லை. குறைந்தது அம்மாவின் பங்கு என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கிற்று.

மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையிலும் 1910 முதல் இப்படியொரு வழக்கம் உண்டு. அங்கே இதற்குப் பெயர் 'பூஃபாய் தாம்'. திருநெல்வேலியில் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியபோது, அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே ஊழியம் நடத்துவது என முடிவு செய்தார்கள். அதை நிறுவியவர்களில் ஒருவரான அசரியா, 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். ஏழைகளாலும் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்த சபைகள் இவை.

இத்தனையும் அறிந்தவன்தான் நான். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் சபையின் பொருளாளராக இருந்தபோது, ஒரு பிழை செய்தேன். கோவில் கூரையைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. சங்கக் காணிக்கையோ பலரிடம் நிலுவையில் இருந்தது. நிலுவைப் பட்டியலை ஆராதனை முடிவில் வாசிக்கலாம் என்ற யோசனை என்னுடையதே. வகுப்பில் வருகைப் பதிவேடு வாசித்துப் பழகிய குரல், தடங்கலின்றி வாசித்தேன். மறுவாரமே பணம் வரத் தொடங்கியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத்தான், பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெரியம்மாவைக் கோவிலில் காணோம் என்பது உறைத்தது. தேடிப் போனேன். தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நீ வாசிச்ச தாள்ல எம் பேரு கடைசியில இருந்துச்சு, தம்பி. அதுக்குப் பெறவு அங்க வர கால் எழும்பல. ரூவாய அப்பவே கோவில்குட்டிகிட்ட குடுத்து விட்டுட்டேன். பாக்கி ஒண்ணுமில்ல."

பாக்கி ஒன்றுமில்லை என்று அவர் சொன்னபோது எனக்குத்தான் பாக்கி இருப்பதாகத் தோன்றியது.

அன்றிரவு எனக்கு ஒரு சொல் நினைவில் வந்துகொண்டே இருந்தது. திருக்குறளில் 'ஈகை' 23ஆம் அதிகாரம். அதற்கு முன்னே, 22ஆவதாக, 'ஒப்புரவறிதல்' நிற்கிறது. ஊரோடு இசைந்து வாழும் முறையை அறிந்த பிறகே ஈகை என்று அந்த வரிசையை நான் மாணவர்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதே சொல் தமிழ் வேதாகமத்தில் வேறொரு பொருளில் வருகிறது: மனத்தாங்கலைத் தீர்த்து இணைதல். மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பலிபீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. இரண்டு நூல்களிலும் ஒப்புரவு முன்னும் கொடை பின்னுமாக இருக்கிறது. நானோ கொடைக்காக ஒப்புரவைக் கெடுத்திருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் என் யோசனையை நானே திரும்பப் பெற்றேன். யார் கொடுக்கவில்லை என்பதை வாசிப்பதற்குப் பதிலாக, கொடுத்த பணம் எங்கே போயிற்று என்பதை மாதந்தோறும் எழுதிக் கோவில் வாசலில் ஒட்டினோம். வாங்கிய ஓடு, தச்சர் கூலி, மின்கட்டணம், கைப்பிடி அரிசி விற்ற தொகை எல்லாம் அதில் இருக்கும். வேதாகமத்தின் 'உக்கிராணக்காரன்' என்ற சொல்லை அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை வைத்திருப்பவருக்கு அங்குள்ள ஒரு தேங்காயும் சொந்தமில்லை. கேட்டால் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். கொடுக்கச் சொல்லும் உரிமை, கணக்குச் சொல்லும் கடமைக்குப் பின்னால்தான் வரும்.

இதனால் காணிக்கை பெருகிவிட்டது என்று எழுத ஆசைதான். பணம் முன்னைவிட மெதுவாகவே வந்தது. கூரை முடிய ஒரு மழைக்காலம் கூடுதலாக ஆனது. ஒழுகிய இடங்களில் வாளிகளை வைத்து ஆராதனை நடத்தினோம்.

பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அசனப் பண்டிகையன்று அவர் வந்தார், முந்தானையில் முடிந்த அரிசியோடு. வாசலில் நின்று கணக்குத் தாளை விரல்வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். முன்பெல்லாம் முன்வரிசையில் பாய்மேல் அமர்பவர், இப்போது கடைசித் தூணருகேதான் அமர்கிறார்.