பிளாக்கியின் மூன்று பிள்ளைகள்

எங்கள் பிளாக்கியிடம் எந்தப் பொம்மையும் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. கீச்சென்று கத்துகிற பொம்மை என்றால் அன்றைக்கே வயிற்றைக் கிழித்துச் சத்தத்தைப் பிடுங்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் போன மாதம் மூன்று பொம்மைகளைக் கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்து, நக்கிக்கொடுத்து, யார் கிட்டே போனாலும் உறுமினாள். எனக்கு ஒரே சிரிப்பு. வீடியோகூட எடுத்தேன்.

மடியில் பால் சுரந்ததும்தான் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். பொய்க் கர்ப்பமாம். பருவம் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் புரோஜெஸ்டிரோன் இறங்கி, புரோலாக்டின் ஏறும். வயிற்றில் குட்டியே இல்லாவிட்டாலும் உடம்பு தாயாகிவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். மறுபடியும் வராமல் இருக்க, பால் வற்றிய பிறகு கருத்தடை ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு மனசே இல்லை. "ஒரு தடவையாவது பெத்துக்கட்டுமே, பாவம்."

"ஐஞ்சாறு குட்டியை யாரும்மா எடுத்துக்குவாங்க? இவளே நாய்பிடி வண்டிக்குப் பயந்து நம்ம வாசல்ல ஒதுங்குனவதானே?"

அம்மா பதில் பேசவில்லை. ராத்திரி கட்டிலுக்கடியில் ஒரு பழைய துண்டை விரித்து, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணமும் வைத்தார். காலையில் என்னிடம், "பால் வத்துனதும் டாக்டர்கிட்ட தேதி வாங்கிடு" என்றார்.