உத்திரமேரூரில் காத்திருந்தோம்

காஞ்சீபுரத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் உத்திரமேரூர் வந்துவிடும். ஊரை ஒட்டிக் கடல்போல் ஓர் ஏரி. கல்வெட்டுகளில் அதற்கு வைரமேகத் தடாகம் என்று கம்பீரமான பெயர். மூன்று நிலைக் கருவறைகளோடு நிற்கும் சுந்தரவரதர் கோயிலைப் பார்க்கவென்றே பக்தர்கள் வருகிறார்கள். ஆனால் ஊரின் கீர்த்தி உலகமெங்கும் பரவியதற்குக் காரணம் அந்தக் கோயிலன்று. பஸ் நிலையத்துக்குச் சமீபத்தில், ஆரவாரமில்லாமல் நிற்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவர்தான். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஊர் வாரியங்களுக்கு அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அந்தச் சுவரில் வெட்டி வைத்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து வோட்டு எண்ணிக்கையின் முடிவுக்குக் காத்திருப்பது என்று தீர்மானித்தவர் எங்கள் போஸ்ட்மாஸ்டர் நண்பர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான உத்திரமேரூரில் நிம்மதியாகக் காலம் கழிக்கிறவர். 2024-ஆம் வருஷம் ஜூன் 4-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருந்தபடியால் எனக்கும் ஒழிவு. "காலையிலேயே வந்துவிடுங்கள். குடலை இட்லி போடுகிறேன்" என்று கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது என்னை மட்டுமல்ல. வக்கீல் நண்பரையும் பட்டுக்கடை நண்பரையும் கூடக் கூப்பிட்டிருந்தார். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அந்த இருவரும் இருபது வருஷத்துச் சிநேகிதர்கள். ஆனால் ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாட்டில் வோட்டுப் பதிவு நடந்த அன்று மாலை, யந்திரத்தை நம்பலாமா கூடாதா என்று ஆரம்பித்த தர்க்கம், கட்சிகளில் புகுந்து, கட்சிகளிலிருந்து குடும்பங்களில் புகுந்து, பேச்சு வார்த்தையே நின்று போயிற்று. யார் எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. நேயர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் யார் யாருக்கு விரோதம் என்று நினைத்துப் பார்த்துக் கொண்டால் போதும். பதிவு நாளுக்கும் எண்ணும் நாளுக்கும் இடையே 46 நாள்! நாடெங்கும் ஏழு கட்டமாக வோட்டுப் போட்டு முடிக்கும் வரையில் நம் பெட்டிகள் பூட்டிக் கிடந்தன. கோபம் புளிப்பதற்கு அவ்வளவு அவகாசம் வேண்டியதில்லை.

மாவு புளிப்பதற்கோ ஒரு ராத்திரி போதும். குடலை இட்லி என்பது காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் இட்லி. அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்த்து, நெய் விட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வார்ப்பார்கள். தட்டு இட்லி மாதிரி பத்து நிமிஷத்தில் இறக்கிவிட முடியாது. எட்டு மணிக்கு டெலிவிஷனில் தபால் வோட்டு எண்ண ஆரம்பித்தபோது போஸ்ட்மாஸ்டர் குடலையை அடுப்பில் ஏற்றினார். எட்டரைக்கு யந்திரங்களை எடுத்தார்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று நிலவரம் வர வர, அடுக்களையிலிருந்து சுக்கும் நெய்யும் கலந்த வாசனை வந்து கொண்டேயிருந்தது. இட்லிதான் வரவில்லை.

அன்று காலை எனக்கும் ஒரு தனிக் கவலை இருந்தது. ஏப்ரல் 19-ல் நான் ஒரு சாவடியில் தலைமை அதிகாரியாக இருந்தேன். விடியற்காலையில் ஏஜெண்டுகள் முன்னிலையில் 50 மாதிரி வோட்டுப் போட்டு, அதை அழித்து, பச்சைத் தாள் முத்திரையில் அவர்கள் கையெழுத்தை வாங்கி யந்திரத்தை மூடினோம். மாலையில் மொத்தம் எத்தனை வோட்டு என்பதை 17-சி என்ற படிவத்தில் எழுதி ஏஜெண்டுகளுக்கும் நகல் கொடுத்தேன். எண்ணும் மேஜையில் யந்திரம் காட்டுகிற தொகையும் என் கையெழுத்துள்ள தொகையும் ஒத்துப் போக வேண்டும். ஓர் எண் மாறினாலும் வாத்தியார் பெயர் அடிபடும். ஆகையால் டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மணியோ, போஸ்ட்மாஸ்டரின் சம்பந்தி விட்டு விட்டு அடித்துக் கொண்டிருந்தார்.

வக்கீலும் பட்டுக்கடைக்காரரும் கூடத்தின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் என்னிடம் பேசினார்கள். என் மூலமாக ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். ஜூன் 1-ந் தேதி மாலை வெளியான கருத்துக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு அமோக வெற்றி என்று கட்டியம் கூறியிருந்தன அல்லவா? பத்து மணிக்கெல்லாம் அந்தக் கணக்கு ஆட்டங் கண்டுவிட்டது. "யந்திரத்தில் வேலை செய்திருந்தால் இப்படி ஆகுமா என்று கேளுங்கள், வாத்தியார்" என்றார் ஒருவர். "ஒரு தடவை சரியாக எண்ணினால் யந்திரம் யோக்கியமாகிவிடுமா என்று கேளுங்கள், வாத்தியார்" என்றார் மற்றவர். நான் இருவருக்கும் இட்லியைப் பற்றிச் சொன்னேன்.

இட்லி பத்தரைக்கு வந்தது. குடலையைக் கவிழ்த்து, இலையை உரித்து, கத்தியால் வட்டம் வட்டமாக அரிந்து, மிளகாய்ப் பொடியும் எண்ணெயுமாக வைத்தார். கால் மணி நேரம் தேசத்தின் தலைவிதியை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் தர்மபுரியில் பாட்டாளி மக்கள் கட்சி முன்னணி என்றும், விருதுநகரில் தே.மு.தி.க. முன்னணி என்றும் டெலிவிஷன் கூவிற்று. பிறகு மாலைக்குள் இரண்டுமே மாறின. விருதுநகரில் வித்தியாசம் கடைசியில் 4,379 வோட்டுதான்.

வெயில் தாழ்ந்ததும் போஸ்ட்மாஸ்டர் எங்களைக் கல்வெட்டு மண்டபத்துக்கு அழைத்துப் போனார். அவருக்கு விதிகளெல்லாம் மனப்பாடம். ஊரில் 30 குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் இடவேண்டும். பாலரும் விருத்தருமாக மகாசபை கூடியிருக்க, கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்திருக்க, அவர்களில் முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். அவன் வாசித்தது போதாது. அங்கே உள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும்.

"ஐந்து விரலையும் விரித்தா? அப்படியானால் அந்தக் காலத்திலேயே சந்தேகம் இருந்திருக்கிறது!" என்றார் வக்கீல்.

"விரலை விரித்துக் காட்டினதால்தானே சந்தேகம் தீர்ந்தது?" என்றார் பட்டுக்கடைக்காரர்.

நாற்பத்தாறு நாளைக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. போஸ்ட்மாஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு மேலே சொன்னார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் இடத் தகாதவர்கள். அதைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் 17-சி நினைவு வந்து, சட்டைப் பையிலிருந்த டெலிபோனைத் தொட்டுப் பார்த்துக் கொண்டேன்.

இந்தச் சுவரை நாம் அளவுக்கு மீறிக் கொண்டாட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். குடத்தில் பெயர் இடுவதற்குக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை; உழுதவனுக்கும் இடமில்லை. இன்று அதே உத்திரமேரூர் அடங்கியிருக்கும் காஞ்சீபுரம் பார்லிமெண்டுத் தொகுதி, ஷெட்யூல்டு வகுப்பாருக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதி. சுவரில் அவசியம் பார்க்க வேண்டியது தகுதிப் பட்டியலையல்ல. அந்த ஐந்து விரலை.

திரும்பி வந்தபோது காஞ்சீபுரத்தில் தி.மு.க. அபேட்சகர் செல்வத்தின் வெற்றி நிச்சயமாகியிருந்தது. தமிழ்நாட்டின் 39 இடங்களும் ஒரே கூட்டணிக்கு. டில்லியில் பாரதீய ஜனதாவுக்கு 240. பெரும்பான்மைக்கு வேண்டிய 272-க்குக் கூட்டணியின் துணை வேண்டும். காங்கிரஸுக்கு 99. பம்பாய் வடமேற்குத் தொகுதியிலோ கடைசியில் 48 வோட்டில் முடிவு! தோற்ற கட்சிக்காரர் ஜயித்தாற்போலவும் ஜயித்த கட்சிக்காரர் தோற்றாற்போலவும் பேசிய விசித்திரத்தை அன்றுதான் கண்டேன்.

ராத்திரி எட்டரை மணி வரையில் எனக்கு எந்த டெலிபோனும் வரவில்லை. மீதியிருந்த இட்லியை மந்தாரை இலையிலேயே மூன்று பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார் போஸ்ட்மாஸ்டர். வக்கீலும் பட்டுக்கடைக்காரரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். ஒரே ஆசனத்தில் அல்ல. ஒருவருக்கு முன்னால் ஒருவர். வாலாஜாபாத் தாண்டுவதற்குள், முன்னால் இருந்தவர் பின்பக்கம் திரும்பி, 5 சாவடிகளின் காகிதச் சீட்டு மட்டும் எண்ணினால் போதுமா என்று ஆரம்பித்துவிட்டார்.