எதிர்நீச்சல்

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எங்களுக்கு, மாலையில் முகத்துவாரம் பக்கமாக நடந்துபோய்க் களனி கங்கையைப் பார்த்திருப்பது செலவில்லாத பொழுதுபோக்கு. ஆற்றை எதிர்த்து மேலே செல்லும் வள்ளக்காரர்கள் நடுவில் போகமாட்டார்கள். கரையை ஒட்டியே கோல் ஊன்றுவார்கள். "கரையில தண்ணிக்கு வேகமில்லை" என்றார் அப்பா.

2011இல் அதே அப்பா கொழும்பு வைத்தியசாலை ஒன்றில் சத்திரசிகிச்சை முடிந்து கிடந்தார். சிறுநீர் போகக் கதீற்றர் குழாய் பொருத்தியிருந்தார்கள். நான்காம் நாள் நடுக்கத்துடன் காய்ச்சல். சிறுநீரில் கிருமித் தொற்று என்றார் வைத்தியர். என் தர்க்கம் எளிமையானது. சிறுநீர் வெளியே வருகிறது. அதை எதிர்த்துக் கிருமி எப்படி உள்ளே ஏறும்? எவரோ கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். "மிஸ், கை கழுவிப்போட்டுத்தானே தொட்டனீங்கள்?" என்று விடுதி முழுவதும் கேட்கக் கத்தினேன். அந்த இளம் தாதி பதில் சொல்லாமல் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு போனார். "விடு தம்பி" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

கலைப்பட்டதாரியான எனக்குப் பௌதிகம் தூரம். ஆனாலும் 2024 ஜனவரியில் 'சயன்ஸ் அட்வான்சஸ்' சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தபோது அந்த விடுதி நினைவுக்கு வந்தது.

நுண்ணிய நீந்திகளுக்குச் சுவர் மீது ஒரு பிடிப்பு உண்டு. காளையின் விந்தணுக்கள் கண்ணாடிப் பரப்பருகே குவிவதை ரொத்சைல்ட் 1963இலேயே அறிவித்தார். ஈ.கோலை பற்றீரியா அசையாத நீரில் சுவரருகே வட்டமிடும். உடல் ஒரு பக்கமும் வால்கள் மறுபக்கமும் சுழல்வதே காரணம். நீர் ஓடினாலோ கதை வேறு. சுவரை ஒட்டிய இடத்தில் ஓட்டம் ஏறக்குறைய இல்லை. இருக்கும் ஓட்டமும் வாலைக் கீழ்ப்புறம் தள்ள, தலை தானாகவே மேல்நோக்கித் திரும்புகிறது. பிறகென்ன, நீந்த வேண்டியதுதான். செக்கனுக்கு 20 மைக்றோமீற்றர் என்று வைத்தாலும், நேராகப் போனால் மணிக்கு 7 சென்ரிமீற்றர். களனி வள்ளக்காரரின் வித்தையேதான்!

குழாயின் வெளிப்புறமாகவும் கிருமி ஏறும். அழுக்குக் கையும் காரணமாகலாம். கை கழுவுவதும் குழாயை விரைவில் அகற்றுவதும் இன்றும் முதற் காவல். ஆனால் நான் "நடக்கவே முடியாது" என்று கத்தியது நடக்கக்கூடியது.

கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தில் நடந்த அந்த ஆய்வில், சென்னை ஐ.ஐ.ரி.யில் படித்த அனிமா ஆனந்த்குமாரும் ஒருவர். குழாயின் உட்சுவரில் சிறு முக்கோண மேடுகளை அமைத்தார்கள். எந்த அளவு, எவ்வளவு இடைவெளி என்பதைச் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் கண்டார்கள். மேட்டருகே எழும் சுழிப்பு, ஏறிவரும் கிருமியைச் சுவரிலிருந்து பெயர்த்து நடு ஓட்டத்தில் எறிகிறது. மருந்தும் இல்லை, பூச்சும் இல்லை. ஆய்வுகூடத்தில் மேலேறிய பற்றீரியா நூறு மடங்குவரை குறைந்தது.

அப்பா அன்று பிழைத்தார்; பின்னும் சில ஆண்டுகள் வெள்ளவத்தையில் எங்களுடன் இருந்தார். வீடு திரும்பிய அன்று அந்தத் தாதிக்கு இரவுக் கடமை. காத்திருந்து பார்க்கலாம் என்றார் அப்பா. நான்தான் ஓட்டோவுக்குக் கை காட்டினேன்.