கரைந்துபோன முகம்

நகப்பூச்சை அகற்றும் திரவத்தால் பிளாஸ்டிக் பொம்மையைத் துடைத்துவிடாதீர்கள், துடைத்தவள் சொல்கிறேன். 1983-இல் தோன்றிய ‘வார்ஹாமர்’ விளையாட்டின் தாயகம், நாங்கள் வாழும் நாட்டிங்ஹாம் நகரம். என் மகன் தன் மன்றத்திற்காகப் பழைய போர்வீரர் பொம்மைகளுக்கு மறுவண்ணம் தீட்டி வந்தான். உதவுவதாக எண்ணி, ஒரு வீரனின் பழஞ்சாயத்தை நான் துடைத்தேன். அத்திரவத்திலிருந்த அசிட்டோன் பாலிஸ்டைரீனைக் கரைக்கும் என்பதை அறியேன். முகமே குழைந்துபோயிற்று! அவன் கோபித்திருந்தால்கூட ஆறியிருப்பேன்; ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அவனே அழைத்தான். மற்றவற்றைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினோம். அடிப்பூச்சு காய்ந்தபின் அக்ரிலிக் வண்ணத்தில் சிறிது நீர் கலந்து இருமுறை மெல்லெனத் தீட்டினோம். தடித்துப் பூசினால் நுண்ணிய செதுக்கல்கள் மூடிப்போகுமாம். நீர்த்த கருமை ஆடை மடிப்புகளில் இறங்கி நிழலாயிற்று. எத்துணை அழகு!

முகமிழந்தவனை நான் ஒளித்து வைத்திருந்தேன். அவனுக்கும் வண்ணம் தீட்டி, “இவன் போரில் காயம்பட்டவன், உம்மா” என்று சொல்லி மன்றத்துக்கு எடுத்துச் சென்றான்.