பாக்கியின் வயது

காலாண்டு முடிந்து பதினேழாவது நாள், இரவு பதினொன்றரை மணிக்கு அந்தப் பிழை என் கண்ணில் பட்டது. யாரும் தேடச் சொல்லவில்லை. வேறு எதையோ தேடப்போய்க் கிடைத்தது.

அப்போது ஒரு நிறுவனத்தின் நிதித் துறைக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர்கள் தரவேண்டிய பாக்கி எவ்வளவு, ஒவ்வொன்றும் எத்தனை நாள் பழசு, அதில் எவ்வளவு வராமல் போகும் என்று கணக்கிட்டு ஒரு பக்க அறிக்கையாகக் கொடுப்பது என் புரோகிராமின் வேலை. இந்தியக் கணக்கியல் தரம் 109-இன்படி, வராமல் போகலாம் என்று எதிர்பார்க்கும் தொகையை முன்கூட்டியே லாபத்திலிருந்து ஒதுக்கிவிட வேண்டும். பாக்கிக்கு வயது ஏற ஏற ஒதுக்கும் சதவீதமும் ஏறும்.

என் புரோகிராம் அந்த வயதைக் கெடு தேதியிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். கடைசியாகப் பணம் வந்த தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. பத்து லட்சம் தரவேண்டியவர் பத்தாயிரம் கட்டினால் போதும், மீதி ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரமும் அன்றைக்குப் பிறந்த குழந்தையாகிவிடும்.

இதில் வெட்கப்பட எனக்குத் தனிக் காரணம் இருந்தது. அப்பா ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். கடன் நோட்டில் தொகையைப் பேனாவால் எழுதுவார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கும். பணமே தராதவர்களுக்குத்தான் அது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். இல்லை. ஆயிரக்கணக்கில் பாக்கி வைத்துவிட்டு நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குத்தான். "கேக்காமயே நூறு ரூபா குடுத்துட்டுப் போறான்னா, மீதியக் கேக்காதேன்னு சொல்லிட்டுப் போறான்டா" என்பார். பணம் வந்த நாளில் சந்தேகப்பட்ட மனிதர் அவர். நான் எழுதிய புரோகிராம் அன்றைக்கு நேர்மாறாகச் சந்தோஷப்பட்டது.

பிழை ஏன் மூன்று காலாண்டு தப்பித்தது என்று யோசித்தால் விடை சுலபம். அது நல்ல செய்தி சொன்னது. ஒதுக்கீடு குறைவு, லாபம் அதிகம். அதே புரோகிராம் ஒதுக்கீட்டை இரண்டு மடங்காகக் காட்டியிருந்தால் அன்று மதியமே பத்துப் பேர் போன் செய்திருப்பார்கள்.

பெரிய இடங்களிலும் இதுதான் கதை. 2012-இல் ஜேபி மோர்கன் வங்கியின் லண்டன் பிரிவு ஒன்று கடன் சார்ந்த டெரிவேட்டிவ் வர்த்தகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. 'லண்டன் திமிங்கிலம்' என்று பத்திரிகைகள் எழுதிய விவகாரம். அந்த ஆண்டு ஜனவரியில் அந்தப் பிரிவின் ரிஸ்க் அளவு, அதாவது 'வேல்யூ அட் ரிஸ்க்', அனுமதித்த எல்லையைத் தாண்டியது. அதே மாதத்தில் புதிய கணக்கீட்டு முறை ஒன்று அவசரமாக ஒப்புதல் பெற்று வந்தது. ரிஸ்க் ஏறக்குறைய பாதியாகத் தெரிந்தது.

அந்தக் கணக்கு எக்செல் ஷீட்களில், கையால் காப்பி-பேஸ்ட் செய்து ஓடிக்கொண்டிருந்தது என்று பின்னர் வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே சொன்னது. ஓர் இடத்தில் பழைய விகிதத்துக்கும் புதிய விகிதத்துக்குமான வித்தியாசத்தை இரண்டின் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். 100, 110 ஆகிறது என்று வையுங்கள். பத்தை 105-ஆல் வகுத்தால் ஒன்பதரை சதவீதம். 210-ஆல் வகுத்தால் ஐந்துகூட வராது. ஏற்ற இறக்கம் அப்படியே பாதி. ஜூலையில் அந்த வங்கி முதல் காலாண்டு லாபத்தை 45.9 கோடி டாலர் குறைத்துத் திருத்தி அறிவிக்க நேர்ந்தது. அதற்கு நேரடிக் காரணம் வேறு, வர்த்தக நிலைகளுக்குப் போட்டிருந்த விலைகள். ஆனால் குணம் ஒன்றுதான். அந்த விலைகளும் நஷ்டத்தைக் குறைத்துக் காட்டிய விலைகள்.

நம் ஊரில் பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும். அதில் பொய்யோ திசைதிருப்பலோ இல்லை என்று தலைமை நிதி அதிகாரியும் தலைமைச் செயல் அதிகாரியும் இயக்குநர் குழுவுக்குச் சான்று தர வேண்டும். செபியின் விதி. கையெழுத்துப் போடுகிறவர் என் கோடைப் பார்த்ததில்லை, கடன்காரரையும் பார்த்ததில்லை. அவரிடம் வந்து சேர்வது இரண்டு தசம இடங்களோடு ஒரே ஒரு நம்பர். அதன் பக்கத்தில் பென்சில் குறி எதுவும் இருக்காது.

நான் என் மேனேஜரிடம் சொன்னேன். "இந்த குவார்ட்டர் போகட்டும். அடுத்ததுல சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்" என்றார். உண்மையைச் சொன்னால், நான் கேட்க விரும்பியதும் அதைத்தான். இரண்டு நாள் அதிலேயே ஒளிந்துகொண்டேன். மூன்றாம் நாள் காலை நிதி அதிகாரியின் அறைக்குப் போனேன்.

மேடம் கத்தவில்லை. "எத்தனை குவார்ட்டரா?" என்றார்.

"மூணு, மேடம். ரெண்டு ஏற்கெனவே வெளியாயிடுச்சு."

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"முந்தாநாள் ராத்திரி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த ரெண்டு நாளும் நான் உங்க நம்பரை வச்சுத்தான் போர்டுல பேசத் தயார் பண்ணிட்டு இருந்தேன்" என்றார். என் முன்னாலேயே ஆடிட்டருக்குப் போன் போட்டார்.

பழைய முடிவுகளைத் திருத்தி வெளியிட வேண்டிய அளவுக்கு வித்தியாசம் பெரிதில்லை என்று முடிவானது. அந்தக் காலாண்டிலேயே முழுதையும் ஒதுக்கினார்கள். லாபம் குறைந்தது. பிழை ஆறியது. அந்த இரண்டு நாள்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு அறிக்கையின் கடைசியில் ஒரு பட்டியல் சேர்த்தேன்: பெரிய பாக்கி, சமீபத்தில் சின்ன வரவு. முதல் மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் மேடம் அறிக்கையைக் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். "கேள்விக்குறி போட்டு என்ன பண்றது? அதுக்கப்புறமும் மூஞ்சியப் பாத்துக் கடன் குடுத்தேனே" என்றார்.