பட்டமும் பள்ளமும்

எம்.பி.ஏ. பட்டம் வாங்கிய பிள்ளை எந்தக் காரியத்தையும் நடத்திக் காட்டிவிடுவான் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. என் அக்கா பிள்ளை அந்தப் பட்டத்தோடு கிராமக் குடிநீர்த் திட்டம் ஒன்றுக்கு நிர்வாகியாகப் புறப்பட்டபோது, அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவன் போட்ட அட்டவணையைப் பார்த்தேன். பள்ளம் வெட்ட 14 நாள், குழாய் பதிக்க 10 நாள், மூட 4 நாள். வர்ணக் கோடுகளோடு கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாகத்தான் இருந்தது! பள்ளம் வெட்ட வேண்டிய வாரத்தில் ஊரில் நெல் அறுவடை. ஓர் ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்தபோது குழாய் லாரி வரவில்லை. லாரி வந்ததும், குழாயடி எந்தத் தெருவில் என்று தகராறு. அதுவரை பெண்கள் பழையபடி ஒரு மைல் நடந்து குடம் சுமந்தார்கள்.

"சித்தி, இதெல்லாம் பாடத்தில் இல்லையே!" என்றான் போனில்.

"தண்ணீர் தூக்குகிறவர்களைக் கேட்டாயா?" என்றேன்.

கேட்கவில்லையாம். மறுநாள் சாயங்காலம் கிணற்றடிக்குப் போய் நின்றிருக்கிறான். அறுவடை என்று முடியும், குழாயடி எங்கே இருந்தால் சண்டை வராது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி!

படிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கணக்கு வழக்குத் தெரியாதவர் கையில் லட்சங்களைக் கொடுக்க முடியுமா? ஆனால் வர்கீஸ் குரியனைப் பாருங்கள். அமெரிக்காவில் மெக்கானிகல் என்ஜினீயரிங் முதுகலை படித்தவர். சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் படித்த கடனுக்காக 1949-ல் ஆனந்துக்கு வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்தார். அங்கே திரிபுவன்தாஸ் படேல் பால்காரக் குடியானவர்களைக் கூட்டுறவாகச் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தார். மனிதர்களோடு பழகும் வித்தையைக் குரியன் அவரிடம் கற்றார். எருமைப் பாலில் பவுடர் எடுக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்ததை, நண்பர் தலாயா செய்து காட்டினார். அமுல் வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும்.

அதே ஆனந்தில் 1979-ல் கிராம நிர்வாகத்துக்கென்றே ஒரு கல்விக்கழகத்தைக் குரியன் தொடங்கினார். அங்கே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் படித்தாக வேண்டும்; அதுவும் பாடத்தில் சேர்த்தி. மற்றக் கல்லூரிகள் பலவற்றுக்கு இது ஏனோ ரசிக்கவில்லை.

பிள்ளைக்கோ பெண்ணுக்கோ இந்தப் படிப்புக்கு இடம் தேடும்போது, ஹாஸ்டல் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறோம். வகுப்பை விட்டு வெளியே எத்தனை வாரம் அனுப்புகிறார்கள் என்பதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.