மடியில் கனம்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நடமாடுவோர், அது உடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கடிகார முகத்தைக் கொண்டு குறிப்பிடுகின்றனர். தொப்புள் பன்னிரண்டு மணி, வலது இடுப்பின் பக்கவாட்டு மூன்று மணி, முதுகுத்தண்டு ஆறு மணி என்பது அக்கணக்கு. பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில், கால்சட்டையின் இடைப்பட்டிக்கு உட்புறமாகத் துப்பாக்கியைச் செருகிக்கொள்ளும் முறை குடல்வால் நிலை எனப்படுகிறது. இடக்கைப் பழக்கமுள்ளவர், குடல்வால் இல்லாத இடப்புறத்தில் செருகினாலும் அதற்கும் இதே பெயர்தான். குடல்வால் அழற்சியில் வலி மிகுந்து நிற்கும் புள்ளியை, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கி வரையும் கோட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் இருப்பதாக நியூயார்க்கின் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889இல் விவரித்தார். துப்பாக்கி தங்குவது அப்புள்ளியின் அண்டையில்தான். எலும்புக் காப்பு இல்லாத, குனியும்போதும் உட்காரும்போதும் மடிகிற, சிறு அடி பட்டாலும் கைகள் தாமாக ஓடி மூடிக்கொள்கிற அந்த மென்மையான வயிற்றுப் பகுதியில் முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பொருளை நாள் முழுதும் அழுத்தி வைத்துக்கொள்ள மனிதர் ஏன் விரும்பித் துணிகின்றனர் என்பது நின்று யோசிக்கத் தக்க கேள்வி.

விடையின் ஒரு பகுதி உடைகளின் வரலாற்றில் இருக்கிறது. கோட்டு அணிவது ஆண்களின் அன்றாட வழக்கமாக இருந்த காலத்தில், துப்பறியும் காவலர்கள் துப்பாக்கியை வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் மாட்டி, தொங்கும் கோட்டின் ஓரத்தால் மூடிவிட முடிந்தது. கோட்டு வழக்கொழிந்து, மெல்லிய பருத்திச் சட்டையும் பனியனுமே பொது உடையாகிவிட்ட பிறகு அந்த மறைவிடம் பறிபோயிற்று. இடுப்பின் பின்புறத்தில் இருக்கும் துப்பாக்கியின் பிடி, உடலின் வளைவுக்குக் குறுக்காக நீட்டிக்கொண்டிருப்பதால், குனிந்தவுடன் சட்டையைக் கூடாரம்போல் தூக்கிக் காட்டிவிடும். முன்புறத்திலோ, மார்பிலிருந்து சட்டை தளர்ந்து தொங்குகிறது. குனியும்போது துணி உடலைவிட்டு மேலும் விலகுகிறது. இரு கைகளும் எப்போதும் அருகிலேயே இருப்பதால் பிறர் பறிப்பதும் கடினம். பொருளின் உருவரை துணியின்மேல் தெரிவதை இவ்வாறு மறைத்து அணிவோர் அச்சுப் பதிதல் என்ற பொருளில் 'பிரின்டிங்' என்கின்றனர். அதைத் தவிர்ப்பதே முதல் நோக்கம். ஒரே வண்ணச் சட்டையைவிடக் கட்டம் போட்ட அல்லது பூப்போட்ட சட்டை நன்றாக மறைக்கும், ஏனெனில் கண் தேடும் கோட்டை அந்த வடிவங்கள் குலைத்துவிடுகின்றன.

எதை மறைப்பது கடினம் என்பதில்தான் இவ்விஷயத்தின் நுட்பம் தொடங்குகிறது. நீண்ட குழல்தான் தொல்லை தரும் என்று புதியவர் எண்ணுவார். ஆனால் குழல் கால்சட்டைக்குள் இறங்கிவிடுகிறது, வெளியே நிற்பதும் காட்டிக்கொடுப்பதும் பிடிதான். 'காம்பாக்ட்' எனப்படும் நடுத்தர அளவு, முழு அளவுப் படைத்துறைத் துப்பாக்கியின் பிடியையும் குழலையும் சற்றுக் குறுக்கியதால் பிறந்தது. 1988இல் வந்த கிளாக் 19 இவ்வகையின் அளவுகோலாகவே ஆகிவிட்டது. அதன் குழல் 102 மில்லிமீட்டர், தோட்டாக்கூட்டில் பதினைந்து தோட்டாக்கள், நிரப்பியபின் எடை ஏறத்தாழ 850 கிராம். 2018இல் வந்த சிக் சாவர் பி365, ஓர் அங்குலத் தடிமனுக்குள் பத்துத் தோட்டாக்களை அடக்கிக் காட்டியது. சிறியதே சிறப்பாக மறையும் என்றும் சொல்லிவிட முடியாது. குழலும் அதன் உறையும் ஓரளவு நீண்டிருந்தால், அவற்றின் கீழ்முனை அடிவயிற்றில் ஊன்றி நெம்புகோலாக வேலை செய்து, மேலே இருக்கும் பிடியை வயிற்றை நோக்கிச் சாய்க்கிறது. மிகக் குட்டையான துப்பாக்கிக்கு அந்த ஊன்றுகோல் கிடையாது என்பதால் அது தலைகனத்து வெளியே கவிழ்ந்து நிற்கும்.

உறை செய்வோரின் அறிவெல்லாம் இந்த நெம்புகோலைச் சுற்றியே அமைந்திருக்கிறது. வெப்பத்தில் இளகி, ஆறியதும் விறைத்துப்போகும் கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைத் துப்பாக்கியின் அச்சின்மேல் அழுத்தி வார்க்கும் உறைகளே இன்று பெருவழக்கு. துப்பாக்கியை உருவிய பிறகும் தோலுறையைப்போல் வாய் சுருங்காது என்பதும், விசையை முழுதும் மூடிக்கொள்ளும் என்பதும் அவற்றின் நிறைகள். உறையின் கீழ்முனையில், உடலைத் தொடும் பக்கத்தில், ஆப்பு எனப்படும் பஞ்சுத் திண்டு ஒட்டப்படுகிறது. அது கீழ்முனையை வெளியே தள்ள, மேல்முனை தானாக உள்ளே சாய்கிறது. பக்கவாட்டில் நகம் எனப்படும் சிறு நீட்சி பொருத்தப்படுகிறது. அது இடைவாரின் உட்புறத்தில் முட்டி, பிடியைத் திருகி வயிற்றோடு ஒட்டவைக்கிறது. இத்தனைக்கும் இசைவாக இடைவார் விறைப்பாகவும் கால்சட்டை ஓர் அளவு பெரிதாகவும் இருக்க வேண்டும். தோலை உறை உராயாதிருக்க உள்ளாடை வேண்டும். வியர்வையின் உப்பு இரும்பை அரிக்காதிருக்கத் துடைத்து எண்ணெயிடும் பழக்கமும் வேண்டும்.

ஆயினும் இந்த நுட்பங்கள் எவையும் ஓர் அடிப்படை முரணைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கின்றன, அவ்வளவே. துப்பாக்கியை மறைப்பது எந்த அழுத்தமோ, அதே அழுத்தம்தான் உடலை வருத்துவதும். உறையைத் தாழ்த்தி மாட்டினால் பிடி மறையும், ஆனால் உட்காரும்போது குழல்முனை தொடைச் சந்தில் குத்தும். உயர்த்தி மாட்டினால் தொடை தப்பும், பிடி விலாவின் கீழ் இடிக்கும். நிற்கையில் இதமாக இருப்பது காரின் இருக்கையில் அரை மணி நேரத்தில் தண்டனையாகிவிடுகிறது. நாளடைவில் இதற்கெல்லாம் ஏற்ப உடலே மாறிக்கொள்கிறது: உயரத் தட்டிலிருந்து பொருளை எடுக்க ஒரு கையை மட்டும் நீட்டுவது, கீழே விழுந்ததை இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி எடுப்பது, உறவினரைத் தழுவும்போது இடுப்பைப் பின்னிழுத்துத் தோளை மட்டும் கொடுப்பது என்று ஒவ்வோர் அசைவும் மறைப்புக்குக் கீழ்ப்படியப் பழகுகிறது. ஆயுதம் எத்தனை பேரைக் காக்கிறது, எத்தனை பேரைக் கொல்கிறது என்ற பெருவிவாதத்தில் இந்தச் சிறு இழப்புகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குழந்தையை மடியில் தூக்கி அமர்த்துமுன் ஒரு கணம் தயங்கும் உடலைப் பற்றி யாரேனும் எழுதியிருக்க வேண்டும்.

அத்தயக்கத்துக்கு வலுவான காரணமும் உண்டு. தொடைத் தமனி, காலுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருங்குழாய், இடுப்பு மடிப்பில் தோலுக்கடியில் அதிக ஆழமின்றி ஓடுகிறது. குடல்வால் நிலையில் குழல்முனை நோக்கியிருப்பதும் அத்திசையைத்தான். வெளியே எடுப்பதைவிட மீண்டும் உறையில் செருகுவதே ஆபத்தான நேரம் என்று பயிற்றுநர்கள் வலியுறுத்துவர், ஏனெனில் சட்டையின் ஓரமோ கயிறோ விசையில் சிக்கினால் போதும். 2008 நவம்பரில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் பிளாக்சிகோ பரஸ், தளர்ந்த விளையாட்டுக் கால்சட்டையின் இடைப்பட்டியில் கிளாக் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு மன்ஹாட்டனின் இரவு விடுதி ஒன்றுக்குச் சென்றார்; அது தொடைவழியே நழுவியபோது பிடிக்க முயன்ற கை விசையை அழுத்திவிட, குண்டு அவருடைய வலது தொடையிலேயே பாய்ந்தது. அவர் உயிர் பிழைத்தார்; நியூயார்க்கில் செல்லுபடியாகும் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருந்ததற்காக 2009இல் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உறையையும் விறைத்த இடைவாரையும் விட்டு, தளர்ந்த ஆடையின் சுகத்தைத் தேர்ந்ததன் விலை அது.

மறைப்புக்காகப் பொருளையே திருத்தும் முயற்சி பழையது. பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர் செய்த, ஒரே குண்டு கொள்ளும், ஆறங்குலத்துக்கும் குறைந்த துப்பாக்கியோடுதான் ஜான் வில்க்ஸ் பூத் 1865 ஏப்ரல் 14 அன்று ஃபோர்டு அரங்கினுள் நுழைந்து லிங்கனைச் சுட்டான். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1903ஆம் ஆண்டுக் கோல்ட் சட்டைப்பைத் துப்பாக்கி, தன் சுத்தியலையே உடலுக்குள் ஒளித்துக்கொண்டது. துணியில் சிக்க அதில் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கோல்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட், சுழல்துப்பாக்கியின் குழலை இரண்டு அங்குலமாக அறுத்து, சுத்தியலின் முனையை நீக்கி, விசைக்காப்பின் முன்பகுதியையும் வெட்டியெறிந்து, அப்படிப்பட்ட இரண்டைத் தோல் உள்வைத்துத் தைத்த கால்சட்டைப் பைகளில் வைத்திருந்தார். விரல் விசையைத் தடையின்றி எட்டவேண்டும் என்பது அவருடைய கவலை; எதுவும் விசையை எட்டக்கூடாது என்பது இன்றைய உறை செய்வோரின் கவலை.

இவற்றையெல்லாம்விட ஆழ்ந்து நோக்கத் தக்கது, கென்டக்கி மாநிலத்தின் சட்டமன்றம் 1813இல் இயற்றிய சிறு சட்டம் ஒன்று. சட்டைப்பைத் துப்பாக்கி, குத்துவாள், பெரிய கத்தி, கைத்தடிக்குள் ஒளித்த வாள் ஆகியவற்றை ஆயுதமாக மறைத்து அணிவோருக்கு நூறு டாலருக்குக் குறையாத அபராதம் என்று அது விதித்தது. வெளிப்படையாக அணிவதை அது தொடவில்லை, மறைப்பதுதான் குற்றம். ஒரே ஒரு விலக்கு மட்டும் அளித்தது: பயணத்தில் இருப்பவர் மறைத்து வைத்திருக்கலாம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று தமிழில் வழங்கும் பழமொழியில், கனம் என்பது பணம், பயம் என்பது கள்வர். கென்டக்கியின் சட்டமன்றத்தினர் அதே வழியையும் அதே பயத்தையும் அறிந்திருந்து, அப்பயத்தின் பொருட்டு மடியில் வேறொரு கனத்தை அனுமதித்தனர். ஊருக்குள், அண்டைவீட்டாரிடையே, சந்தையிலும் வழிபாட்டிடத்திலும், அந்தக் கனத்துக்கு நியாயம் இல்லை என்பதே அவர்கள் கொண்டிருந்த துணிபு. கைத்தடி வாளுக்காகத் தண்டிக்கப்பட்ட பிளிஸ் என்பவர் மேல்முறையீடு செய்ய, 1822இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆயுதம் ஏந்தும் உரிமையை மாநில அரசமைப்பு குறைவின்றி வழங்கியிருக்கையில் அதன் ஒரு கூற்றையும் சட்டமன்றம் வெட்ட முடியாது என்று சொல்லி அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அம்மாநிலத்தவர் அதோடு விடவில்லை. 1850இல் புதிய அரசமைப்பை எழுதியபோது, மறைத்த ஆயுதங்களைத் தடுக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்ற தொடரை உரிமையோடு சேர்த்தே எழுதிவைத்தனர். ஒரு கைத்தடிக்குள் இருந்த வாளுக்காக ஒரு மாநிலம் தன் அடிப்படைச் சட்டத்தையே திருத்திக்கொண்டது.

பிற மாநிலங்களிலும் இதே எண்ணம் நிலவியது. அலபாமாவில் 1840இல், தன்னைத் தாக்க ஒருவன் திரிகிறான் என்று முறையிட்ட ஷெரீப், அதாவது மாவட்டக் காவல் தலைவர் ஒருவருக்கும்கூட, மறைத்து வைத்ததற்கான தண்டனையை மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வெளிப்படையாக ஏந்திய ஆயுதம் ஆண்மைக்குரிய தற்காப்பு, மறைத்த ஆயுதம் கொலைகாரனின் வழி என்ற பொருள்பட லூசியானாவின் நீதிபதிகள் 1850இல் எழுதினர். இந்த வாதத்தை அப்படியே போற்றிவிட முடியாது. அந்த வெளிப்படையான ஆண்மை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது, அதே மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் எவ்வகையில் ஆயுதம் ஏந்தினும் குற்றமாயிற்று. எனினும் அந்நீதிபதிகள் ஒன்றைச் சரியாகக் கண்டனர்: எதிரில் நிற்பவரிடம் ஆயுதம் உண்டா என்று தெரியாத சந்திப்பில், இருவரும் சமமாக நிற்பதில்லை. தெரிந்துகொள்ளும் உரிமை இழந்தவரின் பக்கத்திலிருந்து அவர்கள் சிந்தித்தனர், இக்காலத்து விவாதங்களில் அப்பக்கத்தின் குரல் மிகவும் மெலிந்துவிட்டது.

மெலிந்ததற்குக் காரணம், மறைப்பின் ஒழுக்க மதிப்பே ஒன்றரை நூற்றாண்டில் தலைகீழானது. இன்று இடுப்பில் தெரியும்படி துப்பாக்கியை மாட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்குள் நுழைபவரே அச்சுறுத்துபவராகப் பார்க்கப்படுகிறார்; மறைத்து வைப்பவர், பிறரின் மன அமைதியைக் கெடுக்காத பண்பாளராகத் தம்மைக் கருதிக்கொள்கிறார், வயிற்றில் பதியும் வடுவை அந்தப் பண்புக்கான விலையாகப் பொறுத்துக்கொள்கிறார். வழியில் இல்லாத பயம் ஊருக்குள் வந்துவிட்டதா, அல்லது மடியில் கனம் ஏறிய பிறகு பயம் தேடி வருகிறதா என்பதை அவர்களாலும் எளிதில் சொல்ல இயலாது. புளோரிடா 1987இல், தகுதியுள்ள யாருக்கும் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் மறுக்கப்படலாகாது என்று சட்டமியற்றி, அதே ஆண்டில் வெளிப்படையாக ஏந்துவதைத் தடைசெய்தது. காற்றில் சட்டை விலகினால்கூடக் குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் உரிமதாரரிடையே எழுந்ததால், கோபமோ மிரட்டலோ இன்றிச் சிறு நேரம் வெளியே தெரிவது குற்றமன்று என்று 2011இல் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. உறையில் நகமும் ஆப்பும் செய்யும் வேலைக்குச் சட்டப் புத்தகத்திலும் ஒரு துணை கிடைத்தது.

2022 ஜூன் 23 அன்று, நியூயார்க் மாநிலத் துப்பாக்கிச் சங்கம் தொடுத்த, புரூயன் வழக்கு எனப்படும் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனிச் சிறப்பான தேவையை மெய்ப்பித்தால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் நூறாண்டுக்கு மேற்பட்ட விதியை நீக்கியது. அத்தீர்ப்பில் அலபாமா, லூசியானா நீதிபதிகளின் பழைய உரைகள் மீண்டும் எடுத்து ஆராயப்பட்டன. திறந்து ஏந்த வழிவிட்டிருந்தால் மறைத்து ஏந்துவதைத் தடைசெய்ய மாநிலங்களால் முடிந்தது என்பதே அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவு. அடுத்த சில நாட்களிலேயே நியூயார்க் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றி, உரிமத்துக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, பள்ளி, மருத்துவமனை, டைம்ஸ் சதுக்கம் உள்ளிட்ட பல இடங்களில் ஆயுதத்தைத் தடுத்தது. அங்கு உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியை எடுத்துச்செல்ல இன்று அனுமதிக்கப்பட்டுள்ள முறை, 1813இல் கென்டக்கி அபராதம் விதித்த அதே மறைத்து அணியும் முறை மட்டுமே.